ஊரிக்கே ஒரு இடம்

1

போன மாதம் நகரியில் நான் செத்துப்போனேன். நியூசிலாந்தில் இருக்கும் எனக்கு இந்தத் தகவல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

நடந்தது இவ்வளவுதான். நகரி என் சொந்த ஊர். ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே பதின்வயதுப் பிள்ளைகள் மனசு சரியில்லாதபோது வந்து உட்கார்ந்து பேச ஒரு மையம் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால், வெளிநாடுகளில் இருக்கும் நகரிக்காரர்கள் ஒன்பது பேர் கமிட்டி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறோம். என் தங்கை தேவகி அங்கே நடத்துகிறாள். மையத்துக்கு ஒரு வயது நிறைந்ததும் அண்ணனுக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பேனர் வைத்தாள். நடுவில் என் பாஸ்போர்ட் படம். சுற்றிலும் பேனர் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்ட சாமந்திப்பூ பார்டர். மேலே பெரிய எழுத்தில் ‘முதலாம் ஆண்டு’. கீழே ‘எம். தாமோதரம், நியூசிலாந்து’. இரண்டு மூலையிலும் வெள்ளைப் புறா.

தமிழில் ‘முதலாம் ஆண்டு’ என்று போட்டு, பூவும் போட்டு, சிரிக்காத ஒரு ஆளின் படத்தையும் போட்டால், வாசிக்கிறவர் மீதியைத் தானாகவே வாசித்துக்கொள்வார். ஆள் போய் ஒரு வருஷமாகியும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் மனவருத்தம். ஒருவன் எப்படியோ நம்பர் பிடித்து எங்கள் வீட்டுக்கே போன் செய்துவிட்டான். எடுத்தவள் என் மகள் ஹரிணி. பதினாறு வயது. அவன் தழுதழுத்த குரலில், “உங்க நைனா பூட்டாராமேம்மா” என்றிருக்கிறான். எங்கள் பக்கத்தில் நைனா என்றால் அப்பா. பூட்டார் என்றால் போய்விட்டார். அவள் நிதானமாக, “ஆமா அங்கிள், எட்டு மணிக்கே போயிட்டாரு. அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. எதாவது சொல்லணுமா?” என்று கேட்டிருக்கிறாள். அவன் போனை வைத்துவிட்டானாம்.

இதை ஹரிணி என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மா செல்வியிடம் சொல்லி, செல்வி என்னிடம் சொன்னாள். ஹரிணி என்னிடம் நேராக எதையும் சொல்வதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சண்டை எதுவும் கிடையாது. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது.

நான் தேவகிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“பேனரை முதல்ல கழட்டு.”

“மூணு நாளைக்குப் பர்மிஷன் வாங்கிக்கீதுண்ணா. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ.”

வெள்ளிக்கிழமை வரை பொறுத்துக்கொண்டு செத்தபடியே இருந்தேன். அதே நாளில் மையத்தின் ஆண்டறிக்கையையும் தேவகி அனுப்பினாள். என்னை உட்காரவைத்து இதை எழுத வைத்தது அந்த அறிக்கையில் இருந்த ஒரு வரி. அது புரிய வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2

வடக்குத் தீவில் ஒரு நடுத்தர ஊரில், நம்மூர் முனிசிபாலிட்டி மாதிரியான கவுன்சிலில் வேலை செய்கிறேன். என் வேலை போர்டுகள். கடைக்கோ பள்ளிக்கோ சர்ச்சுக்கோ யார் எந்தப் பலகை மாட்டுவதென்றாலும் எனக்கு விண்ணப்பம் போட வேண்டும். எழுத்து எவ்வளவு உயரம், காற்றுக்கு விழுமா, கண்ணைக் கூசுமா, படிக்கிறவருக்குத் தப்பர்த்தம் வருமா என்றெல்லாம் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். நூல் விலை ஏறிக்கொண்டே போன அந்த வருஷங்களில் நகரியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தறியடியிலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரடியில் நட்டார்கள். பவர்லூம் ஓட்டியவர் மகனான நான் அப்படி நடப்பட்டு, சென்னை வழியாக இவ்வளவு தூரம் வந்து, எழுத்தின் உயரத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.

அப்படி அளக்கப் போன இடத்தில்தான் ‘டிராப்-இன் சென்டர்’ என்பதை முதலில் பார்த்தேன். நூலகத்தை ஒட்டிய பழைய கட்டடத்தில் பதின்வயதினருக்காகத் திறந்திருந்தார்கள். முன்பதிவு கிடையாது, டாக்டர் சீட்டு கிடையாது. வரலாம், மெத்தையில் சாயலாம், ரொட்டி சுட்டுச் சாப்பிடலாம், பேச வேண்டுமானால் பேசலாம், வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். உள்ளே இருந்த பெண் என்னைப் பார்த்து, “எல்லாம் சரியா இருக்கா?” என்றாள். “போர்டை அளக்க வந்தேன்” என்றேன். “அதுக்கும் வரலாம்” என்றாள். நாற்பது வயது தாண்டிய நான் அங்கே நிற்க முடியாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் அப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியும். பத்தாவது முடிந்ததும் என்னைத் திருப்பதியில் ஒரு ரெசிடென்ஷியல் ஜூனியர் காலேஜில் போட்டார்கள். விடிவதற்கு முன் புத்தகத்தைத் திறந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் மூடலாம். மலையைப் பார்த்தபடி ஜன்னல் இருந்தது. கவனம் சிதறும் என்று அதற்குத் தகடு அடித்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு மூன்று நிமிடம் போன். வீட்டில் போன் இல்லாததால் நைனா நூல் கடையில் வந்து காத்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேச்சே வரவில்லை.

“இன்னாடா, எதாச்சும் வோணுமா?”

“இல்ல நைனா.”

“ஒடம்பு சரியில்லியா?”

“இல்ல.”

“பின்ன இன்னாத்துக்குப் பண்ண?”

“ஊரிக்கேதான் நைனா.”

“ஊரிக்கேவா? சரி. நல்லா துன்னுகினு நல்லா படி” என்று வைத்துவிட்டார். மூன்று நிமிடத்தில் இரண்டு மீதம் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் சொன்னதை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

ஊரிக்கே என்பது தெலுங்கு வார்த்தை. சும்மா, காரணமில்லாமல் என்று அர்த்தம். எங்கள் எல்லைத் தமிழில் அது வாடகை கொடுக்காமல் சொந்த வீடு மாதிரி குடியிருக்கிறது. காரணம் இல்லாதபோது அதைச் சொல்வோம். காரணத்தைச் சொல்ல முடியாதபோதும் அதையேதான் சொல்வோம். கேட்கிறவர்தான் வித்தியாசம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஹரிணிக்கும் இந்த வார்த்தை எங்கள் வாயிலிருந்து ஒட்டிக்கொண்டது. எட்டு வயதில் தமிழ்ப்பள்ளிக் கட்டுரையில் ‘நான் ஊரிக்கே அழுதேன்’ என்று எழுதினாள். ஆசிரியை சிவப்பில் வட்டம் போட்டு, ‘இது தமிழ் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். “அப்ப நம்ம வீட்டுல பேசறது என்ன லாங்வேஜ்?” என்று என்னைக் கேட்டாள். மொழிவாரி மாநிலப் பிரிவினையிலிருந்து ஆரம்பித்து இருபது நிமிடம் விளக்கினேன். தூங்கிவிட்டாள். ஏன் அழுதாள் என்று நான் கேட்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

3

நகரியிலும் இப்படி ஓர் இடம் வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். எல்லோருக்கும் ஏதோ ஒரு திருப்பதி ஜன்னல் இருந்திருக்க வேண்டும். ஒரே நாளில் ஒப்புக்கொண்டார்கள். மூடிக் கிடந்த ஒரு தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். திருப்பதியிலிருந்து பயிற்சி பெற்ற கவுன்சலர் அம்மா ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மற்ற நாட்களில் தேவகி. கார்மெண்ட் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து முந்நூறு பெண்களின் மூக்குச் சிந்தலைக் கேட்டவள். அவளுக்கும் பயிற்சி கொடுத்தோம். விதிமுறைகளை நான் எழுதினேன். விதி எழுதுவதில் எனக்கு இணை இல்லை.

முதல் போர்டு: ‘டிராப்-இன் சென்டர்’. ஆங்கில வார்த்தையைத் தெலுங்கு எழுத்திலும் தமிழ் எழுத்திலும் அப்படியே போட்டுவிட்டோம். முதல் நாள் காலையில் கைக்குழந்தையோடு பதினோரு தாய்மார்கள் வந்து வரிசையில் நின்றார்கள். போலியோ டிராப்ஸ் எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த நாள் ஷேர் ஆட்டோக்காரர்கள், டிராப் பாயிண்ட் இதுதான் என்று முடிவு செய்து ஆட்களை அங்கேயே இறக்கிவிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு தகப்பனார் மகனைக் கையோடு இழுத்து வந்து, “இன்ட்டர்ல டிராப் அவுட்டு. சேத்துக்கோங்க” என்றார். இன்ட்டர் என்பது ஆந்திராவின் பிளஸ் டூ. மகன் ஓடிவிட்டான். அவர் மட்டும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மகனைத் திட்டிவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று கும்பிட்டுப் போனார்.

அதற்குள் அனுமதியில்லாமல் போர்டு வைத்தது குற்றம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. போர்டு அனுமதியே தொழிலாகக் கொண்டவன் நான். அவமானம் தாங்கவில்லை. தேவகி தரகாஸ்து எழுதிக்கொண்டு சித்தூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். தரகாஸ்து என்றால் விண்ணப்பம். எங்கள் ஊரில் விண்ணப்பம் என்ற சொல்லைத் தமிழ் வாத்தியார் தவிர வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

படிவத்தில் பள்ளியா, மருத்துவமனையா, கடையா, கல்யாண மண்டபமா என்று கட்டங்கள் இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. அங்கே இருந்த குமாஸ்தா கேட்க, இவள் விளக்கினாள்: பிள்ளைகள் வருவார்கள், உட்காருவார்கள், கேள்வி கேட்கமாட்டோம், போய்விடுவார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஊரிக்கே ஒச்சி ஊரிக்கே கூச்சுனேதானிக்கி ஒக ஆபீஸா அம்மா?” என்றாராம். சும்மா வந்து சும்மா உட்காருவதற்கு ஓர் ஆபீசா என்று கிண்டல். தேவகி அந்த இடத்திலேயே எனக்குப் போன் போட்டாள்.

“ண்ணா, பேரு கெடச்சிடுச்சி.”

நாங்கள் ஒன்பது பேர் மூன்று மாதம் முட்டி மோதியும் கிடைக்காத பெயரை அந்த மனிதர் எரிச்சலில் கொடுத்துவிட்டார். ‘ஊரிக்கே ரண்டி’. சும்மா வாங்க. டிராப்-இன் என்பதற்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கட்டடத்தை அவர் ‘வெயிட்டிங் ஹால்’ கட்டத்தில் போட்டார். எதற்கு வெயிட்டிங் என்று காரணம் எழுத வேண்டியிருந்தது. தேவகி, ‘ரிசல்ட்டுக்கு’ என்று எழுதிச் சந்தகம் போட்டாள், அதாவது கையெழுத்து.

பெயின்டரிடம் தெலுங்கு வாசகத்தைக் கொடுத்து, கீழே அதையே தமிழிலும் எழுதச் சொன்னாள். அவர் இரண்டு மொழியும் தெரிந்தவர். அதுதான் வினை. ‘ஊருக்கே வாங்க’ என்று எழுதிவிட்டார்.

தெலுங்கு வாசிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. தமிழ் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஊருக்கே சேர்த்து வாங்குகிற மொத்த விலைக் கடை என்று புரிந்துகொண்டு கோணிப்பையோடு வந்தார்கள். பச்சரிசி மூட்டையாகக் கிடைக்குமா, கடலை எண்ணெய் டின் உண்டா என்று கேட்டார்கள். மீதிப் பாதி, வெளிநாட்டில் இருப்பவர்களை ஊருக்கே திரும்பி வரச் சொல்கிற ஆபீஸ் என்று நினைத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போனவர்கள் ஏராளம். ஒரு பெண் கணவரின் பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு வந்தாள். “ஏழு வருசமா அங்கியே கீறாரு. ஊருக்கே வரவைங்க அக்கா” என்றாள். தேவகி அது நம் வேலை இல்லை என்று சொல்லாமல் அவளை உட்காரவைத்தாள். இரண்டு மணி நேரம் பேசினாள். வயது வரம்பு பதின்மூன்று முதல் பத்தொன்பது என்று நான் எழுதி வைத்திருந்ததால், பதிவேட்டில் அந்த அம்மாவுக்குப் பத்தொன்பது வயது என்று எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய மகளுக்குப் பதினெட்டு.

போர்டைத் திருத்து என்று நான் குதித்தேன். எழுதி முடித்த போர்டின் படத்தைப் பார்த்து, அந்த வாசகத்துக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் புதுத் தரகாஸ்து என்றாள் தேவகி. இதே வார்த்தையைச் சொல்லி நான் இங்கே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு போனை வைத்தேன். போர்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

4

பிள்ளைகள் வந்தார்களா என்றால், வந்தார்கள். முதலில் போர்டைப் பார்த்துச் சிரிக்க வந்தார்கள். பிறகு சிரித்தவர்களில் சிலர் தனியாக வந்தார்கள்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூடம் மூடிக் கிடந்ததே தவிர, அதன் இரண்டு பக்கத்துக் கூடங்களிலும் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. பவர்லூம் சத்தம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் இருப்பவர் தும்மினால் கண்ணால்தான் பார்க்க முடியும். அமைதியான சூழல், மென்மையான குரல் என்று நான் எழுதிய விதிமுறை முதல் நாளே காற்றில் போனது. கவுன்சலர் அம்மாவும் பிள்ளையும் ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. கமிட்டியில் ஒருவர் சத்தம் தடுக்கும் சுவருக்குத் திட்டம் போட்டுப் படம் அனுப்பினார். தேவகி வேண்டாம் என்றாள்.

“இந்தச் சத்தத்துல கத்தினா ஒருத்தருக்கும் கேக்காதுன்னுதாண்ணா பசங்க மனசுல இருக்கறத கத்துதுங்க. சொவுரு வச்சா வாயத் தெறக்காதுங்க.”

அப்படி ஒரு நாள் ஒரு பெண். பெயர் தேவையில்லை, பெயரைச் சொல்லக் கூடாது என்பது என் விதி. மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் வந்து பேசாமலே உட்கார்ந்துவிட்டுப் போனாள். எட்டாவது நாள் வாயைத் திறந்தாள். தறிச் சத்தத்துக்கு மேல் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

“என்கு டாக்டராவறது இஷ்டமில்ல!”

‘என்கு’ என்னும்போது கரண்டு இருந்தது. ‘டாக்டராவறது’ என்னும்போது போய்விட்டது. தெரு முழுக்க எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. மீதி வார்த்தை நகரி முழுவதற்கும் கேட்டது. பக்கத்துக் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா.

தேவகி எனக்குச் சொல்லும்போது, உயிரே நின்றுவிட்டது என்றாள். அந்தப் பெண் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வந்தது.

“அப்ப இன்னாதான் இஷ்டம்?”

கோபமான குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரல். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டிருக்கிறார். இவள் மேஜைக்கு அடியிலிருந்தே பதில் சொல்ல ஆரம்பித்தாள். கரண்டு வரும்வரை சுவரைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கதையைக் கமிட்டியில் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைக்கும் பொம்மை அனுப்பினார்கள். ஹாலில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கமாகப் போன ஹரிணி நின்று கேட்டாள். “டாட், அது நல்ல ஸ்டோரி” என்றாள். நான் கை காட்டினேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

5

இப்போது ஆண்டறிக்கை.

வருகிற ஒவ்வொருவருக்கும் வயது, வந்த நாள், வந்த காரணம், பேச்சின் சாரம் என்று நான்கு கட்டம் போட்டுப் படிவம் தயாரித்தது நான். பெயர் இருக்காது. சாரத்தையும் பிள்ளை சம்மதித்தால்தான் எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் வருஷம் முழுவதும் ஒரே பதில்தான் இருந்தது: ஊரிக்கே. ஒரு பையன் அதைச் சுருக்கி ஊ என்று மட்டும் எழுதியிருந்தான். தரவு என்ற வகையில் குப்பை. நான் விசனத்தோடு பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். கடைசிப் பக்கத்தில், போன் வழியாக வந்தவர்கள் என்ற தலைப்பில் ஒரே ஒரு பதிவு:

‘பெண். வயது 16. வெளியூர். சனிக்கிழமைதோறும். காரணம்: ஊரிக்கே. சாரம்: அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு மையம் நடத்துகிறார். எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறார்.’

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். எங்கள் கமிட்டி மீட்டிங் சனிக்கிழமை மாலை. நகரிக்கு அது காலை நேரம், மையம் திறந்திருக்கும். மையத்தின் நம்பரை நானே பெரிய எழுத்தில் அச்சடித்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

காருக்குள் போய் உட்கார்ந்து தேவகியைக் கூப்பிட்டேன்.

“கடைசிப் பக்கத்துல இருக்கறது யாரு?”

“அதச் சொல்லக் கூடாதுண்ணா. ரூல் நாலு.”

“வெளியூர்னா எந்த ஊரு?”

“அதுவும் ரூல் நாலு. பெத்தவங்க கேட்டா, பெத்தவங்களுக்குச் சொந்தக்காரங்க கேட்டா, கமிட்டி கேட்டா சொல்லக் கூடாது. எப்பிடிப் பாத்தாலும் நீ அதுல ஒண்ணா கீற.”

“தேவகி, வெளையாடாத. அவளுக்கு என்னன்னு மட்டும் சொல்லு.”

“நான் வெளையாடல. பயப்படற மாதிரி எதாச்சும் இருந்தா கவுன்சலர் அம்மா அந்த நிமிசமே வீட்டுக்குச் சொல்லிடுவாங்கோ. அதுவும் நீ எழுதினதுதான், ரூல் அஞ்சு. சொல்லலன்னா அந்த மாதிரி இல்லன்னு அர்த்தம். மத்தபடி நான் வாயத் தெறக்க மாட்டேன்.”

எவ்வளவு உறுதியான விதி என்று பாருங்கள். ஒரு ஓட்டை இல்லை. கமிட்டியில் இதற்காக என்னைப் பாராட்டித் தீர்மானமே போட்டிருக்கிறார்கள். கார் கண்ணாடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. விட மனசில்லாமல் கடைசியாக ஒன்று கேட்டேன்.

“சாரத்தை அந்தப் பொண்ணு எழுதச் சொல்லிச்சா? சம்மதம் இல்லாம எழுதக் கூடாதுன்னு இருக்கு இல்ல?”

“சம்மதம் கேக்காம எழுதுவேனா? கேட்டேன். எங்க நைனா வேற எத்த படிக்கலன்னாலும் ரிப்போர்ட்டுன்னா கடைசி வரி வரைக்கும் படிப்பாரு, எழுது அத்தைன்னுச்சி.”

சொல்லி முடித்ததும் ‘ஐயோ’ என்றாள். மையத்துக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தேவகி, அக்கா. உலகத்தில் அவளை அத்தை என்று கூப்பிடக் கூடியது ஒரே ஒரு பிள்ளைதான்.

“நான் ஒண்ணும் சொல்லலண்ணா” என்றாள்.

“ஆமா. நீ ஒண்ணும் சொல்லல.”

“அழுவறியா?”

“மழ.”

வீட்டில் என்னை டாட் என்று கூப்பிடுகிறவள், கடல் தாண்டி அத்தையிடம் நைனா என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. அதற்குப் பிறகுதான் மீதி. என் மகள் என்னிடம் ஒன்று சொல்வதற்காக அதை நகரிக்கு அனுப்பி, பதிவேட்டில் ஏற்றி, தொகுத்து, ஆண்டறிக்கையாக்கி, பி.டி.எஃப். ஆக எனக்கு வரவழைத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படிதான்.

6

அடுத்த சனிக்கிழமை மாலை மீட்டிங் இருந்தது. சத்தம் தடுக்கும் சுவரைப் பற்றி நான்காவது விவாதம். கமிட்டிக்கு, இன்று வர முடியாது என்று தட்டினேன். உடனே மூன்று பேர் காரணம் கேட்டார்கள். போனை அணைத்து டிராயரில் போட்டேன். செல்வி மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தாள்.

மேலே ஹரிணியின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் சமையலறைக்குப் போய்விட்டேன். போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. பல மாதங்களாக அந்த நேரத்தில் நான் மீட்டிங்கில்தான் இருந்திருக்கிறேன். வீட்டில் அந்த நேரத்துக்கு என்ன வெளிச்சம் வரும் என்பதுகூட எனக்குப் புதிதாக இருந்தது. மேஜையை ஒரு தரம் துடைத்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

“மீட்டிங் இல்லையா?”

“இல்ல.”

“போன் எங்க?”

“டிராயர்ல.”

என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நான் அறிக்கையைப் படித்துவிட்டேன் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ரொட்டிப் பாக்கெட்டை எடுத்தாள்.

“உங்களுக்கும் வேணுமா?”

“வேணும்.”

டோஸ்டர் மெஷினில் இரண்டு துண்டு போட்டாள். வெண்ணெய் தடவினாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து அவளுடையதை ஓரத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். நான் வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்று எனக்குத் தெரியும். ஸ்கூல் எப்படி, படிப்பு எப்படி. ரொட்டியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். இப்படிச் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. தேவகி இதை ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள், நான் அவளிடம் தரவு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ரொட்டி தீர்ந்தது. அவள் எழுந்து போகவில்லை. தட்டில் கிடந்த துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“டாட்.”

நான் நிமிர்ந்தேன்.

“நான் ரெண்டு மாசமா மத்தியானத்துல ஸ்கூலுக்குப் போவல. லைப்ரரி பக்கத்துல, நீங்க போர்டு அளந்தீங்களே, அங்கதான் உட்கார்ந்துகினு இருக்கேன்.”

அந்தப் போர்டுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுத்து இருநூறு மில்லிமீட்டர், தப்பர்த்தத்துக்கு இடமில்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். ஏன், எதனால், யார் என்ன சொன்னார்கள் என்று ஆயிரம் கேள்வி தொண்டை வரை வந்து நின்றது.

“ம்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வேறு ஒன்றும் வராது என்று உறுதியானதும், எழுந்து போய் இன்னும் இரண்டு துண்டு ரொட்டியை மெஷினில் போட்டுவிட்டு, திரும்பி வந்து, இந்த முறை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.